குளோபலா, ப்ராஜெக்ட்டுக்குள்ளா? இன்ஸ்டால் அடிக்கும் முன் ஒரு கேள்வி

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாளே ப்ராஜெக்ட்டை குளோன் செய்து, ‘என்பிஎம் இன்ஸ்டால்’ (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிவைத்த கோடு மூட்டைகளை, இறக்கும் கமாண்ட்) அடித்து, பிறகு ‘என்பிஎம் ரன் பில்ட்’ அடித்தான். டிஎஸ்சி என்றொரு கமாண்டே இல்லை என்று டெர்மினல் கையை விரித்துவிட்டது. எங்கள் நான்கு பேர் மெஷினிலும் இரண்டு வருஷமாக முனகாமல் ஓடிக்கொண்டிருந்த பில்ட் அது.

அவன் சும்மா இருக்கவில்லை. எங்கேயோ தேடிப் பார்த்து, பேக்கேஜில் இருக்கும் கமாண்டை நேராக ஓட்டும் என்பிஎக்ஸைப் பிடித்து, ‘என்பிஎக்ஸ் டிஎஸ்சி’ என்று அடித்திருக்கிறான். ஒரு பேக்கேஜை இறக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது, சரி என்றிருக்கிறான். இறங்கி முடித்ததும் திரையில் ஒரு வரி: நீங்கள் தேடும் டிஎஸ்சி கமாண்ட் இது இல்லை.

“அக்கா, கம்ப்யூட்டரே என்னைக் கலாய்க்குது” என்று வந்து நின்றான்.

கலாய்ப்பு இல்லை, உண்மையாகவே அப்படி ஒரு செய்தி வரும். டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்டோடு வகைகளைச் சேர்த்த மொழி. அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலரின் கமாண்ட் பெயர் டிஎஸ்சி, ஆனால் அது வந்து சேரும் பேக்கேஜின் பெயர் டைப்ஸ்கிரிப்ட். டிஎஸ்சி என்ற பெயரிலேயே என்பிஎம்மில் வேறொரு பழைய பேக்கேஜ் இருக்கிறது. மெஷினில் டைப்ஸ்கிரிப்ட் எங்கேயும் இல்லாதபோது என்பிஎக்ஸ் பெயரை மட்டும் பார்த்து அதைத்தான் கொண்டுவரும். நல்லவேளையாக, அந்த பேக்கேஜ் இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே இருக்கிறது. வேறு யாராவது அந்தப் பெயரைப் பிடித்து வைத்திருந்தால் என்னென்ன ஓடியிருக்குமோ!

அடுத்து நான் செய்ததுதான் தப்பு. அவசரத்தில் இருந்தேன். “குளோபலா ஒரு டைப்ஸ்கிரிப்ட் போட்டுக்கோப்பா” என்றேன், அதாவது ப்ராஜெக்ட்டுக்குள் இல்லாமல் மெஷின் முழுவதற்கும் பொதுவாக. போட்டான். கம்பைலர் வந்தது, கூடவே 37 எரரும் வந்தன. எல்லாமே கேட்ச் பிளாக்குக்குள். பிடித்த எரரிலிருந்து மெசேஜை எடுத்திருந்த இடங்களில் எல்லாம், இது அன்னோன் வகை, இதற்குள் மெசேஜ் இருக்கிறது என்று யார் சொன்னது என்று மல்லுக்கு நின்றது. டைப்ஸ்கிரிப்ட் 4.4-இல், அதாவது 2021 ஆகஸ்டில், ஸ்ட்ரிக்ட் முறையில் கேட்ச் வேரியபிளின் வகையை, எதையும் கேட்காமல் விடும் எனி-யிலிருந்து, சோதிக்காமல் தொடவிடாத அன்னோனுக்கு மாற்றினார்கள். எங்களிடம் இருந்தவை எல்லாம் அதற்கு முந்தையவை. ஒருவரிடம் 3.9, இரண்டு பேரிடம் 4.1, என்னிடம் 4.3. நான்கு பேர், மூன்று கம்பைலர்! ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ்.ஜேசனைத் திறந்து பார்த்தால் டைப்ஸ்கிரிப்ட் என்ற சொல்லே அதில் இல்லை.

இதற்கப்புறம் இன்ஸ்டால் கமாண்ட் அடிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது. ஒன்றுமே இல்லாத, புதிதாகப் பிரித்த ஒரு மெஷினை நினைத்துக்கொள்கிறேன். அதில் இந்த ப்ராஜெக்ட்டை குளோன் செய்தால், பில்ட் ஆக, டெஸ்ட் ஓட, டிப்ளாய் ஆக இந்த பேக்கேஜ் வேண்டுமா? வேண்டும் என்றால் அது ப்ராஜெக்ட்டுக்குள். வேண்டாம், எனக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றால் குளோபல். பத்தில் ஒன்பது முறை இந்தக் கேள்வியே போதும். மிச்சம் ஒன்றுக்குத்தான் கீழே உள்ள கதையெல்லாம்.

அடித்தால் எங்கே போகிறது

பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் உலகத்திலிருந்தே தொடங்குகிறேன், குழப்பம் அதிகம் நடப்பது அங்கேதான்.

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்று பேக்கேஜ் பெயரோடு அடித்தால் மூன்று காரியம் நடக்கிறது. பேக்கேஜ் அந்த ஃபோல்டரின் நோட் மாட்யூல்ஸுக்குள் இறங்குகிறது. அதன் பெயரும் ஏற்கத்தக்க வெர்ஷன் எல்லையும் பேக்கேஜ்.ஜேசனில் ஏறுகின்றன. உண்மையில் இறங்கிய துல்லியமான வெர்ஷன், அது இழுத்துவந்த குட்டிப் பேக்கேஜ்களின் வெர்ஷன் உட்பட, லாக் ஃபைலில் பதிவாகிறது. பெயரைச் சேர்க்கும் வேலை 2017-இல் வந்த என்பிஎம் 5-இலிருந்துதான் தானாக நடக்கிறது. லாக் ஃபைலும் அதே வெர்ஷனில்தான் வந்தது. அதற்கு முன் ‘சேவ்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும், மறந்தால் போச்சு.

அதே கமாண்டோடு ஒரு கோடும் ‘ஜி’ எழுத்தும் சேர்த்தால் பேக்கேஜ் மெஷினுக்குப் பொதுவான ஓர் இடத்துக்குப் போகிறது. எங்கே என்று தெரிய வேண்டுமானால் ‘என்பிஎம் ரூட் -ஜி’ அடித்துப் பாருங்கள். எந்த ப்ராஜெக்ட் ஃபைலிலும் ஒரு எழுத்துகூட ஏறாது. ஆறு மாதம் கழித்து எதற்காகப் போட்டோம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. குளோபலில் போட்ட லைப்ரரியை கோடுக்குள் ‘ரிக்வயர்’ செய்தால் வழக்கமாகக் கிடைக்காது. நோட் தேடுவது கோடு இருக்கும் ஃபோல்டரின் நோட் மாட்யூல்ஸில், அங்கே இல்லையென்றால் அதற்கு மேல் ஃபோல்டரில், அதற்கும் மேல் என்று ஏறிக்கொண்டே போகும். குளோபல் இடம் அந்தப் பாதையில் இல்லை. ஆகவே கோடுக்குள் இம்போர்ட் செய்யும் எதையும் குளோபலாகப் போடலாமா என்ற கேள்வியே எழ வேண்டியதில்லை. கேள்வி எழுவது டெர்மினலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் கருவிகளுக்கு மட்டும்.

இந்த ‘மேலே ஏறித் தேடும்’ பழக்கத்தால் நான் ஒருமுறை அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். என் ஹோம் ஃபோல்டரில் எப்போதோ தெரியாத்தனமாக நின்றுகொண்டு ஆக்ஸியோஸ் என்ற லைப்ரரியை இன்ஸ்டால் செய்திருக்கிறேன். அங்கே ஒரு நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் முளைத்துவிட்டது. என் ப்ராஜெக்ட் எல்லாம் ஹோம் ஃபோல்டருக்குக் கீழேதான். ஆகவே எந்த ப்ராஜெக்ட்டிலிருந்து ஆக்ஸியோஸைக் கூப்பிட்டாலும் கிடைத்தது, பேக்கேஜ்.ஜேசனில் எழுதாமலே. சர்வரில் மட்டும் கிடைக்கவில்லை. ‘ஜி’ போடாமலே குளோபல் மாதிரி ஆகிவிட்ட கதை இது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் நோட் மாட்யூல்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால், அது அங்கே இருக்க நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

புது ஃபோல்டர் தொடங்கும்போது முதலில் ‘என்பிஎம் இனிட்’ அடித்துவிடுவது இதற்கும் நல்லது. பேக்கேஜ்.ஜேசன் இல்லாத ஃபோல்டரில் இன்ஸ்டால் அடித்தால், மேலே உள்ள ஃபோல்டர்களில் அந்த ஃபைலோ நோட் மாட்யூல்ஸோ இருக்கிறதா என்று என்பிஎம் தேடிப்போய் அங்கே போட்டுவிடும்.

“ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லையே”

ப்ராஜெக்ட்டுக்குள் போடத் தயங்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இது. குளோபலாக இருந்தால் டிஎஸ்சி என்று அடித்தால் போதும், உள்ளே போட்டால் நீளமான பாதை அடிக்க வேண்டுமே என்பார்கள். வேண்டாம். நோட் மாட்யூல்ஸுக்குள் ‘.பின்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், கமாண்டுகள் எல்லாம் அங்கே இருக்கும். பேக்கேஜ்.ஜேசனின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் நீங்கள் எழுதுவதை ‘என்பிஎம் ரன்’ ஓட்டும்போது அந்த ஃபோல்டரைப் பாதையின் முன்னால் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ஸ்கிரிப்ட்டில் வெறும் டிஎஸ்சி என்று எழுதினால் ப்ராஜெக்ட்டின் டிஎஸ்சிதான் ஓடும்.

எங்களுக்கு வினையானதும் இதே வசதிதான். ப்ராஜெக்ட்டுக்குள் இல்லையென்றால் பாதையில் அடுத்து இருக்கும் குளோபல் டிஎஸ்சி சத்தமில்லாமல் ஓடும். ஒரு எச்சரிக்கைகூட வராது. அதனால்தான் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

ஸ்கிரிப்ட் எழுதும் அளவுக்கு இல்லாத சின்ன வேலைக்கு ‘என்பிஎக்ஸ்’ இருக்கிறது. முதலில் ப்ராஜெக்ட்டுக்குள் பார்க்கும், இல்லையென்றால்தான் வெளியே போகும். அது இறக்கட்டுமா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லாதீர்கள். அந்தப் பையனின் கதை நினைவிருக்கட்டும். ப்ராஜெக்ட்டுக்குள் இருக்க வேண்டிய கருவிக்கு அப்படி ஒரு கேள்வி வந்தாலே, அது உள்ளே இல்லை என்று அர்த்தம்.

புது ப்ராஜெக்ட்டின் எலும்புக்கூட்டைப் போட்டுத்தரும் கருவிகளுக்கு என்பிஎக்ஸ்தான் சரி. வருஷத்துக்கு இரண்டு முறை ஓட்டும் ஒன்றை குளோபலாக வைத்தால், அடுத்த முறை கூப்பிடும்போது பழைய வெர்ஷன் எழுந்து வந்து பழைய எலும்புக்கூட்டைப் போட்டுவிட்டுப் போகும். ரியாக்ட் பக்கம் இதனாலேயே கிரியேட் ரியாக்ட் ஆப்பை குளோபலாகப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள் என்று அதன் கையேட்டிலேயே எழுதி வைத்தார்கள்.

கம்பைலர், கோடில் தப்பு தேடும் லின்ட்டர், டெஸ்ட் ஓட்டி போன்றவை ப்ராஜெக்ட்டுக்குள் வந்தாலும், ஓடும் ஆப்புக்கு வேண்டியவை அல்ல. அவற்றை ‘சேவ் டெவ்’ என்று சொல்லிப் போடுங்கள். சர்வருக்கு வேண்டாதது சர்வருக்குப் போகாது.

வெளியீடு ரெப்போவுக்குள் போகிறதா?

அந்தக் காலி மெஷின் கேள்வியைக் கொஞ்சம் ஏமாற்றப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு: ஃபார்மேட்டர். பிரிட்டியரை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமலும் பில்ட் ஆகும், டெஸ்ட் ஓடும். எடிட்டரில் சேவ் செய்யும்போது வரிகளை ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவுதானே, என் சொந்த வசதி, குளோபலாக இருக்கட்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் அது தொட்ட வரிகள் எல்லாம் கமிட்டில் ஏறுகின்றன. என் பிரிட்டியர் ஒரு வெர்ஷன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பிரிட்டியர் வேறு வெர்ஷன். நான் சேவ் செய்தால் கடைசிக் கமா வருகிறது, அவர் சேவ் செய்தால் போகிறது. பிரிட்டியர் 3.0-இல் கடைசிக் கமாவின் இயல்புநிலையையே மாற்றினார்கள் என்பதால் இது கற்பனை இல்லை. ஒரே ஒரு வரி மாற்றிய புல் ரிக்வெஸ்டில் 200 வரி பச்சையும் சிவப்புமாகத் தெரியும். ரிவ்யூ செய்கிறவர் எதைப் பார்ப்பார்?

ஆகவே இரண்டாவது கேள்வி ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: இந்தக் கருவியின் வெளியீடு ரெப்போவுக்குள் போகிறதா? போனால், கருவியும் ப்ராஜெக்ட்டுக்குள்தான். பிரிட்டியருக்கு இன்னும் ஒருபடி மேலே போய் ‘சேவ் எக்ஸாக்ட்’ என்று சொல்லி வெர்ஷனைத் துல்லியமாகக் கட்டிவைக்கச் சொல்கிறது அதன் கையேடு. சின்ன வெர்ஷன் மாற்றத்திலும் வரி அமைப்பு மாறலாம் என்பது காரணம்.

டைப்ஸ்கிரிப்டுக்கும் இதே கவனம் வேண்டும். பேக்கேஜ்.ஜேசனில் வெர்ஷனுக்கு முன்னால் கூரை மாதிரி ஒரு குறி இருக்குமே, கேரட், அது 4.3-க்கு முன்னால் இருந்தால் 5-க்குக் கீழே எதுவும் சரி என்று அர்த்தம். மேஜர் எண் மாறாதவரை எதுவும் உடையாது என்ற நம்பிக்கையில் வைத்த குறி அது. டைப்ஸ்கிரிப்ட் அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. 4.3-லிருந்து 4.4-க்குப் போனபோது என்ன ஆனது என்று மேலே பார்த்தோம். காப்பாற்றுவது லாக் ஃபைல். அதை கமிட் செய்யுங்கள். பில்ட் சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ அடியுங்கள். அது நோட் மாட்யூல்ஸை அழித்துவிட்டு லாக்கில் உள்ளதை உள்ளபடி போடும். லாக்கும் பேக்கேஜ்.ஜேசனும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்.

எடிட்டரும் ஒரு கட்சி என்பதை மறக்க வேண்டாம். விஎஸ் கோட் தன்னோடு ஒரு டைப்ஸ்கிரிப்டைக் கொண்டுவருகிறது. டெர்மினலில் எரர் இல்லை, எடிட்டரில் சிவப்புக் கோடு என்றால் டைப்ஸ்கிரிப்ட் வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும் கமாண்டில் ‘வொர்க்ஸ்பேஸ் வெர்ஷன்’ என்பதை எடுங்கள்.

சூடோ கேட்டால் நிறுத்துங்கள்

மேக்கிலோ லினக்ஸிலோ ‘ஜி’ போட்டு இன்ஸ்டால் செய்யும்போது, அனுமதி இல்லை என்று ‘ஈஏசிசிஇஎஸ்’ எரர் வரலாம். கமாண்டை அட்மின் அதிகாரத்தோடு ஓட்டும் சூடோவைக் கை தானாகச் சேர்க்கப் போகும். வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் எழுதிய கோடுக்கு மெஷினின் சாவிக்கொத்தைக் கொடுப்பது மாதிரி அது. அதோடு, ரூட் பெயரில் சில ஃபைல்கள் உட்கார்ந்துகொண்டு அடுத்தடுத்த இன்ஸ்டாலையும் கெடுக்கும்.

நோடையே உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்வதுதான் வழி. பல நோட் வெர்ஷன்களை வைத்து மாற்றிக்கொள்ள உதவும் என்விஎம் போன்ற ஒன்றைப் பயன்படுத்தினால் இந்தப் பிரச்சினையே வராது. ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: என்விஎம்மில் ஒவ்வொரு நோட் வெர்ஷனுக்கும் குளோபல் தனித்தனி. நோட் 18-இல் போட்ட குளோபல் பேக்கேஜ் நோட் 20-க்கு மாறியதும் காணாமல் போகும். முதல் முறை பதறிப்போனேன். இப்போது அதை ஒரு வரமாகவே பார்க்கிறேன். புது வெர்ஷனுக்கு மாறும்போது பழையதிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வர ஒரு வழி இருக்கிறது, ஆனால் நான் செய்வதில்லை. தேடும்போது இல்லாததை மட்டும் மறுபடி போடுகிறேன். பாதிக்குமேல் தேடவே மாட்டேன்.

பைத்தானில் தப்புக்கு விலை அதிகம்

நோடில் குளோபலைக் குழப்பினால் உங்கள் வேலைதான் கெடும். பைத்தானில் ஆப்பரேட்டிங் சிஸ்டமே நொண்டும். லினக்ஸ் மெஷினில் இருக்கும் பைத்தான் உங்களுக்காக வைத்தது இல்லை, அந்த சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பல அதன்மேல்தான் ஓடுகின்றன. பைத்தானுக்குப் பேக்கேஜ் இறக்கும் கருவி பிப். ‘சூடோ பிப் இன்ஸ்டால்’ என்று நீங்கள் ஒரு லைப்ரரியைப் புதுப்பித்தால், பழைய வெர்ஷனை நம்பியிருந்த ஏதோ ஒரு கருவி படுத்துவிடலாம்.

நான் பட்டது 2018 ஏப்ரலில். பிப் 10 வந்திருந்தது. “புது வெர்ஷன் இருக்கிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள்” என்று பிப்பே மஞ்சள் எழுத்தில் சொன்னது. சொன்ன பேச்சைக் கேட்டு, சிஸ்டத்து பிப்பை சூடோ போட்டுப் புதுப்பித்தேன். அடுத்து பிப் என்று அடித்தால், ‘மெயின்’ என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று எரர். எதை அடித்தாலும் அதேதான். சிஸ்டத்தோடு வந்த பிப் கமாண்ட் என்பது சில வரிகளே உள்ள சின்ன ஸ்கிரிப்ட். அது லைப்ரரிக்குள் ஓரிடத்தில் இருந்த மெயினைக் கூப்பிடும். பிப் 10-இல் அந்த மெயினை உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்கிரிப்ட் பழசு, லைப்ரரி புதுசு. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் இன்ஸ்டால் செய்தால் இப்படித்தான்: ஒன்று சிஸ்டத்தின் பேக்கேஜ் மேனேஜர் போட்டது, இன்னொன்று நான் போட்டது. தப்பு என் பேரில்தான்.

இப்போது சில சிஸ்டங்களே கதவைச் சாத்திவிட்டன. 2023-இல் வந்த டெபியன் 12-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ அடித்தால், இந்த இடம் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிடும். மீறிப் போட ஒரு ஃபிளாக் உண்டு. அதன் பெயரே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. இதைவிடத் தெளிவாக யாரும் பெயர் வைக்க முடியாது. அதை ஒரு தீர்வாகப் பரிந்துரைக்கும் பதில்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செய்ய வேண்டியது சிக்கலே இல்லை. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று ‘பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்’ அடியுங்கள். ப்ராஜெக்ட்டுக்கென்று தனி பேக்கேஜ் இடம் செய்துதரும் வென்வ் என்ற இந்த வசதி 2012-இல் வந்த பைத்தான் 3.3-இலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, சில லினக்ஸ்களில் மட்டும் தனி பேக்கேஜாகப் போட வேண்டியிருக்கும். பிறகு அந்த ஃபோல்டரின் ‘பின்’னுக்குள் இருக்கும் ‘ஆக்டிவேட்’டை ‘சோர்ஸ்’ கமாண்டால் கூப்பிடுங்கள். விண்டோஸில் ‘பின்’னுக்குப் பதில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’. ப்ராம்ப்ட்டின் முன்னால் .வென்வ் என்று தெரிந்ததும் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது வெறும் பிப் என்று அடிப்பதைவிட ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று அடிக்கும் பழக்கம் நல்லது. எந்த பைத்தானோ, அதே பைத்தானின் பிப் என்பதில் சந்தேகம் வராது.

ஆக்டிவேட் செய்ய மறப்பது எல்லோருக்கும் நடக்கும். அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது: ‘பிப் ரிக்வயர் வர்ச்சுவல்என்வ்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிள். பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு, ஷெல்லின் தொடக்க ஃபைலில் ‘ட்ரூ’ என்று வைத்துவிட்டால் வென்வுக்கு வெளியே பிப் இன்ஸ்டால் செய்யவே மறுக்கும். என் மெஷினில் அந்த 2018 சம்பவத்துக்குப் பிறகு இது எப்போதும் உண்டு.

வென்வ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். அதனுள் இருக்கும் ஸ்கிரிப்டுகளில் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும், நகர்த்தினால் எல்லாம் பழைய இடத்தைத் தேடும். கெட்டுப்போனால் ரிப்பேர் பார்க்க வேண்டாம், அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் ஒழுங்காக இருந்தால் ஒரு கமாண்டில் எல்லாம் திரும்ப வந்துவிடும். அழிக்கப் பயமாக இருந்தால் அந்த ஃபைல் ஒழுங்காக இல்லை என்று பொருள். கிட்டில் ஏற்ற வேண்டியதும் அந்த ஃபைலைத்தான், வென்வை இல்லை.

பைத்தானில் எழுதிய, ஆனால் எந்த ப்ராஜெக்ட்டையும் சேராத கமாண்டுகள் உண்டே, அவற்றுக்கு? பிப்எக்ஸ். கமாண்ட் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு வென்வில் உட்கார்ந்திருக்கும். ஒன்றின் லைப்ரரி இன்னொன்றைத் தொடாது. குளோபல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இப்போது யூவி என்ற கருவி வென்வ், இன்ஸ்டால், இந்த பிப்எக்ஸ் வேலை எல்லாவற்றையும் ஒன்றாக, மிக வேகமாகச் செய்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக அதற்கே போகலாம்.

நோட்புக்கில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா மாட்யூல் இல்லைங்குது” என்ற புகார் பெரும்பாலும் ஜூபிட்டரில்தான் வரும். டெர்மினலில் ஒரு பைத்தானுக்குப் போட்டிருப்பீர்கள், நோட்புக்கின் கோடை ஓட்டும் கெர்னல் வேறொரு பைத்தானில் ஓடிக்கொண்டிருக்கும். நோட்புக்கின் செல்லுக்குள்ளேயே சதவீதக் குறி போட்டு ‘பிப் இன்ஸ்டால்’ என்று எழுதினால் கெர்னலின் பைத்தானுக்கே போகும்.

மற்ற மொழிகள்

ரஸ்டில் இந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. லைப்ரரி என்றால் கார்கோ.டாமலில் எழுதியாக வேண்டும், ‘கார்கோ இன்ஸ்டால்’ என்பது ஓட்டக்கூடிய கருவிகளுக்கு மட்டும். கோ-விலும் 2018-இல் 1.11 வெர்ஷனில் மாட்யூல்கள் வந்தபின் ஏறக்குறைய அதே நிலைமை. ரூபியில் ஜெம்கள் பொதுவாகவே இறங்கினாலும் ஜெம்ஃபைல் லாக்கில் உள்ள வெர்ஷன் ஓட வேண்டுமென்றால் ‘பண்டில் எக்ஸெக்’ முன்னால் வர வேண்டும். பிஎச்பியில் கம்போஸர் ‘வெண்டர்’ ஃபோல்டருக்குள் போடுகிறது. அதன் குளோபல் முறையில் எல்லாக் கருவிகளும் ஒரே பட்டியலில் சேர்வதால் ஒன்றின் தேவை இன்னொன்றோடு முட்டிக்கொள்ளும்.

இரண்டு இடத்திலும் கால் வைக்கும் கருவிகளும் உண்டு, அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பில்ட் போன்ற வேலைகளை ஓட்டும் கிரன்ட் என்ற கருவியின் 0.4 வந்தபோது, 2013-இல், கமாண்டை மட்டும் தனியாகப் பிரித்து குளோபலுக்கு வைத்தார்கள். அதன் வேலை ப்ராஜெக்ட்டுக்குள் இருக்கும் உண்மையான கிரன்ட்டைத் தேடிக் கூப்பிடுவது மட்டுமே. ஆங்குலரின் ‘என்ஜி’ கமாண்டும் அப்படித்தான், குளோபலில் கூப்பிட்டாலும் ப்ராஜெக்ட்டுக்குள் ஒன்று இருந்தால் அதற்கே வழிவிடும். வெர்ஷன் வேறுபட்டால் எச்சரிக்கையும் தரும். இந்த மாதிரி வாசல்காரர்கள் குளோபலில் இருக்கலாம்.

என் குளோபலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கிட், ஃபைல்களுக்குள் தேட ரிப்கிரெப், ஜேசனைப் பிரித்துப் பார்க்க ஜேக்யூ, என்விஎம், பிப்எக்ஸ், ஒரு ஃபோல்டரை உடனே பிரவுசரில் காட்டும் குட்டி சர்வர் ஒன்று. இவற்றின் வெர்ஷன் மாறினால் ரெப்போவில் ஒரு எழுத்தும் மாறாது.

ஏற்கெனவே குளோபலில் குவிந்திருந்தால்

பழைய மூட்டையைப் பிரிக்க நான் செய்தது இது. ‘என்பிஎம் எல்எஸ் -ஜி’ அடித்துப் பட்டியலை எடுத்தேன். அதில் 23 இருந்தன. முதலில் ஒவ்வொன்றின் வெர்ஷனையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டேன், இதை மறக்க வேண்டாம். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டாகப் போய் நோட் மாட்யூல்ஸை அழித்து, ‘என்பிஎம் சிஐ’, பில்ட், டெஸ்ட் என்று ஓட்டினேன். எந்த கமாண்ட் இல்லை என்று எரர் வருகிறதோ, அதை அந்த ப்ராஜெக்ட்டுக்குள் சேர்த்தேன்.

சேர்க்கும்போது புது வெர்ஷனைப் போட்டுவிடாதீர்கள். பெயருக்குப் பின்னால் அட் குறி போட்டு, இதுவரை ஓடிக்கொண்டிருந்த வெர்ஷனையே கேளுங்கள். நாங்கள் டைப்ஸ்கிரிப்டில் 4.3-ஐத்தான் முதலில் உள்ளே கொண்டுவந்தோம். எல்லார் மெஷினிலும் ஒரே மாதிரி ஓடுகிறது என்று தெரிந்தபின், அந்த 37 கேட்ச் பிளாக்குகளையும் திருத்தி மேலே போனது தனி கமிட், வேறொரு நாள். இடமாற்றத்தையும் புதுப்பிப்பையும் ஒரே நாளில் செய்தால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் எந்த கமாண்ட் எங்கிருந்து ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் ‘விச் -ஏ’ போட்டு அதன் பெயரை அடியுங்கள், பாதையில் இருக்கும் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். விண்டோஸில் ‘வேர்’. எடுத்துவிட்ட பிறகும் பழைய இடத்தையே பாஷ் தேடிக்கொண்டிருந்தால் அது நினைவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம், ‘ஹாஷ் -ஆர்’ அடித்தால் மறந்துவிடும்.

டிஸ்க் இடம் போகிறதே என்பார்கள். போகும்தான். ஒரே லைப்ரரி பத்து நோட் மாட்யூல்ஸில் பத்துப் பிரதியாக இருக்கும். அது உறுத்தினால் என்பிஎம்முக்குப் பதிலாக இருக்கும் பிஎன்பிஎம்முக்கு மாறுங்கள். ஒரே ஒரு கிடங்கில் வைத்துக்கொண்டு ப்ராஜெக்ட்டுகளுக்கு ஹார்ட் லிங்க் மட்டும் கொடுக்கும். மாறப் பிடிக்கவில்லையா, தொடாமல் கிடக்கும் ப்ராஜெக்ட்டுகளின் நோட் மாட்யூல்ஸை அழித்துவிடுங்கள். லாக் ஃபைல் இருக்கும்வரை அது எப்போது வேண்டுமானாலும் திரும்பிவரும்.

எங்கள் ரீட்மீயில் ‘முதலில் இவற்றைக் குளோபலாகப் போட்டுக்கொள்ளவும்’ என்று ஐந்து வரிகள் இருந்தன. அந்த ஐந்தில் டைப்ஸ்கிரிப்ட் கிடையாது, எதற்கும் வெர்ஷனும் கிடையாது. அந்தப் பையன்தான் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தி, வரிகளை அழித்தான். கடைசியில் எந்த நோட் வெர்ஷன் வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியது. “இதையும் எடுத்துடலாமா அக்கா?” என்று கேட்டுவிட்டு, அதை என்விஎம் படிக்கும் .என்விஎம்ஆர்சி ஃபைலில் எழுதி கமிட் செய்தான்.